வெளியே தெரியும் எண்கள்

என் பழைய கேமராவில் கையால் திருப்புவதற்கு மூன்றுதான் உண்டு. மேலே ஷட்டர் வேகத்துக்கு ஒரு குமிழ். லென்ஸைச் சுற்றி, வெளிச்சம் நுழையும் துளையைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஒரு வளையம். அதற்கு முன்னால், தூரத்துக்கு ஏற்பப் படத்தைத் தெளிவாக்க இன்னொரு வளையம். படம் எடுத்ததும் கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினால் ஃபிலிம் அடுத்த கட்டத்துக்கு நகரும். பாட்டரி கிடையாது. வெளிச்சத்தை அளக்கும் கருவியும் கிடையாது. அதைக் கண்ணால் பார்த்து நான்தான் முடிவு செய்யவேண்டும். கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில் வாங்கினேன். ஓய்வு பெற்ற பிறகு, எல்லோரும் ஃபோனில் படம் எடுக்கத் தொடங்கிய பிறகும், நான் அதில்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் நானே ஃபிலிமைக் கழுவி, நானே பிரிண்ட் போடுவேன்.

இரண்டாவது கேமரா செங்கம் ரோட்டிலிருந்து வந்தது. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் பல மாதங்கள் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது சாமான்களை ஒவ்வொன்றாக விற்றார். கேமரா எனக்கு வந்தது. ஃபிலிம் கேமராக்களின் கடைசிக் காலத்தில் செய்தது அது. தானே தூரம் பார்க்கும், தானே வெளிச்சம் அளக்கும், ஃபிலிமைத் தானே இழுத்துக்கொள்ளும். தலையில் ஒரு சின்னத் திரை. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் மூன்றாவதாக எதுவோ மாறும். அதன் விளக்கப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகும் எனக்குத் தூரத்தைச் சரியாகப் பிடிப்பது சிரமமாகத்தான் இருந்தது. அந்த வேலையை இது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி இரண்டையும் மேசைமேல் பார்த்துவிட்டு, "ரெண்டு பொண்டாட்டி கட்டினவன் கதிதான் உங்களுக்கு. பழையவ நெனைக்கறது மூஞ்சிலயே தெரியும். புதுசு உள்ள என்னா வெச்சிருக்குதோ" என்றாள். அன்று அதற்குச் சிரித்தேன்.

கேமராக்களில் எனக்கு எது பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி எழுதினால் பாதியை மறைத்ததாக ஆகும். போன வருடம் நான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தேரடித் தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு நான் சார். அவருடைய மனைவி என்னை அண்ணா என்றும் என் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவாள். எனக்கு அவள் தங்கச்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகாத பாத்திரம் எங்கள் இரண்டு சமையலறையிலும் இல்லை.

தங்கச்சிக்கு இடது தாடையில் ஒரு கட்டி வந்தது. பல்வலி என்று கொஞ்ச காலம் விட்டுவிட்டார்கள். வேலூருக்குப் போய்ப் பரிசோதித்தபோது, தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்தாகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிருக்குப் பயமில்லை, முகம் மட்டும் மாறும் என்றாராம். ஊருக்குத் திரும்பிய மறுநாள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கச்சி முக்காட்டைக் கன்னத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு என் மனைவியிடம் ஏதேதோ பேசினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, என்னை ஒரு படம் எடுத்துக் குடுப்பீங்களா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்கள் உறவில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஃபோனில் எடுத்த ஒரு பெண்ணின் படம் கைக்குக் கை போய், யார் யாரோ ஏதேதோ எழுதி, அந்தப் பெண்ணுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தமே நின்றுபோனது. அதன் பிறகு தங்கச்சி எந்த ஃபோன் முன்னாலும் நின்றதில்லை. பெற்ற மகள் துபாயிலிருந்து வீடியோவில் கூப்பிட்டால்கூட ஃபோனைக் கூரையைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் பேசுவாள்.

"ஃபோன்ல வேணாண்ணா. அது எங்கெங்க போவும்னு யாருக்குத் தெரியும். உங்க ஃபிலிம்ல எடுத்தா, அந்த நெகட்டிவ் என் கையில வந்துரும்ல? வேற யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

கடைக்குக் கொடுக்கமாட்டேன், நானே கழுவித் தருகிறேன் என்றேன்.

பாய்க்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அதான் ஆதார் கார்டுல ஒண்ணு இருக்குதே."

"அது நான் இல்ல. உங்க அம்மா" என்றாள் தங்கச்சி. எல்லோரையும்விட பாய்தான் அதிகமாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் என் மனைவியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணாடியில பாக்கறப்ப, முன்னாடி எப்டி இருந்தேன்னு எனக்கு மறந்துடக் கூடாது அண்ணி. அவ்ளோதான்."

திங்கட்கிழமை காலை வேலூருக்குக் கிளம்பவேண்டும். ஞாயிறு மத்தியானத் தொழுகை முடிந்ததும் என்னை வரச்சொன்னார்கள்.

புறப்படும்போது மேசைமேல் இரண்டு கேமராவும் இருந்தன. பழசையே எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள் மனைவி. நான் புதியதை எடுத்தேன். பழையதில் தூரம் பிடிக்க எனக்கு நேரமாகும், அவ்வளவு நேரம் ஒரு பெண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது என்று காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். ஒருநாள் அந்தக் கேமரா ஃபிலிமை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "சினிமாக்காரன் மாதிரி இருக்கீங்க சார்" என்று பாய் சொல்லியிருந்தார். அதை இன்னொரு முறை கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவனுக்கு இப்படி ஓர் ஆசை இருக்கும் என்று யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அதனால் அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

அவர்கள் வீட்டு முன்னறையில் மலையைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் தங்கச்சியை உட்காரவைத்தேன். வெளிர்பச்சைப் புடவை, வெள்ளை லேஸ் வைத்த முக்காடு. கண்ணாடியைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள், மறுபடியும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். சிரிக்கவேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், சும்மா ஜன்னலைப் பார்த்தால் போதும் என்றேன். என் மனைவி அவள் முக்காட்டைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள்.

நான் கண்ணை வைத்தேன். கேமரா தானே முகத்தைப் பிடித்தது. கீழே பச்சை எழுத்தில் எண்கள் எரிந்தன. ஷட்டர் வேகம், நொடியில் எத்தனையில் ஒரு பங்கு என்று காட்டும் எண்: ஐந்நூறு. அழுத்தினேன். ஷட்டர் சத்தம் எனக்கு மிகவும் சுருக்கமாகக் கேட்டது. எங்கேயோ ஒரு சின்ன உறுத்தல். ஆனால் யோசிப்பதுதான் கேமராவின் வேலையாயிற்றே. மறுபடி மறுபடி அழுத்தினேன்.

எனக்குப் பின்னால் நின்ற பாய், "ஜாஸ்தி எடுக்காதீங்க சார். இருக்கற அழகே கம்மி, தீந்துடப் போவுது" என்றார். தங்கச்சி அவரை முறைத்துப் பார்த்தாள், பிறகு அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய் முழுவதும் திறக்கவில்லை, வலி இருந்திருக்கும்; கண்ணும் வலது கன்னமும் சிரித்தன. அந்த நொடியில் அழுத்தினேன். இதுதான் படம் என்று எனக்குத் தெரிந்தது. போதும் என்று சொல்லி எழுந்துவிட்டேன். டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் ஃபிலிமைச் சுருட்டி வெளியே எடுத்தேன். அடுத்த ஃபிலிமைப் போட்டு மூடியதும் கேமராவின் தலையில் இருந்த திரை உயிர்பெற்று, ஃபிலிமின் வேகத்தை ஒரு கணம் காட்டிவிட்டு மறைத்தது. மூவாயிரத்து இருநூறு.

நான் போட்டது நூறு.

இதைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்த அளவு வெளிச்சம் பட்டால் போதும் என்பது ஃபிலிமுக்கு ஃபிலிம் வேறுபடும். அதைத்தான் ஃபிலிமின் வேகம் என்கிறோம்; எண் கூடக் கூட, குறைந்த வெளிச்சமே போதும். டப்பாவைப் பார்த்து அந்தக் கேமரா அதைத் தானே தெரிந்துகொள்ளும். ஆனால் நாமாக ஓர் எண்ணை வைத்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், நாம் மாற்றும்வரை. முந்தைய கார்த்திகை தீபத்தன்று, மொட்டைமாடியிலிருந்து மலை உச்சியில் எரியும் தீபத்தை எடுப்பதற்காக நான்தான் மூவாயிரத்து இருநூறு என்று வைத்திருந்தேன். நான் மறந்துபோனேன். அது மறக்கவில்லை. ஆகவே தங்கச்சியின் முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டிருந்தது.

அதை முன்னாலேயே என்னிடம் சொல்லியும் இருந்தது. ஐந்நூறு என்ற எண் என் கண்ணெதிரே எரிந்தது. வீட்டுக்குள், ஜன்னல் ஓரத்தில், நூறு ஃபிலிமுக்கு ஐந்நூறு வர வழியே இல்லை. பழைய கேமராவாக இருந்திருந்தால் நானே குமிழை அறுபதில் வைத்திருப்பேன். வைக்காமல் எடுக்கவே முடியாது. அதில் இருப்பது எல்லாம் வெளியே செதுக்கியிருக்கும். கையில் எடுக்கும்போதே கண்ணில் படும். எனக்கு அது பிடிப்பதன் காரணம் இதுதான். இது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

இனி நடந்ததைத்தான் நான் சொல்லவேண்டும்.

எங்கள் தெருவில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால், வானத்தில் பகல் இருக்கும், வீட்டுக்குள் இருக்காது. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். சூரியன் மலைக்கு மேலே இன்னும் இரண்டு சாண் உயரத்தில் இருந்தது. நேரம் இருந்தது. பழைய கேமராவை எடுத்தேன். அதில் ஃபிலிம் இருந்தது. தங்கச்சி அடுத்த வீட்டில் அதே புடவையில் இருந்தாள். போய், தவறு நடந்துவிட்டது, இன்னொரு முறை உட்காரம்மா என்று சொன்னால் போதும்.

வாசல் கேட்வரை போனேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவளுடைய அக்கா குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தூக்குப் பாத்திரங்களும் பைகளுமாக உள்ளே போனார்கள். வாசலில் ஏற்கெனவே நிறையச் செருப்புகள். இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது என்று நின்றேன். பாய் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் கேமராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கையை ஆட்டினேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஃபிலிம் கழுவும் மருந்தின் சூட்டைக் கூட்டி, நேரத்தையும் கூட்டினால் ஃபிலிமைத் தேற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருடங்களுக்கு மேல் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வெளிச்சம் படாத வெள்ளி உப்பை எந்த மருந்தாலும் கருக்கவைக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஃபிலிமை வெளிச்சம் புகாத சின்னத் தொட்டியில் அடைத்து மூடிவிட்டால் அதன் பிறகு வெளிச்சத்திலேயே வேலை செய்யலாம். கதவைச் சாத்தவேண்டிய அவசியமே இல்லை. யாரும் கூப்பிடக் கூடாது என்றுதான் சாத்தினேன். முக்காலியில் உட்கார்ந்து தொட்டியைக் கவிழ்ப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தேன். மருந்தின் சூடு விரலில் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சும் பாத்திரச் சத்தமும் கேட்டன. ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் காற்றுத்துளை வழியாகச் சுவரில் விழுந்திருந்த மஞ்சள் கட்டத்தைப் பார்த்தேன். இப்போதுகூட எழுந்து போகலாம் என்று நினைப்பேன். இன்னும் ஒரு நிமிடம் என்று நினைப்பேன். கடைசியில் பார்த்தபோது கட்டம் அங்கே இல்லை.

ஃபிலிமை வெளியே எடுத்து நீட்டிப் பிடித்தேன். ஜன்னல் கம்பிகள் தெளிவாக இருந்தன. முக்காட்டின் லேஸ் மங்கலாக, ஒரு கோடு மாதிரி. அந்தக் கோட்டுக்குள் எதுவும் இல்லை. ஆறேழு படங்களிலும் அப்படியே. எது அவள் சிரித்த படம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கார் வந்து நின்றது. பழைய கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். எதற்காகக் கொண்டுபோனேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்கும் தைரியம் வழியில் வந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். வெளிச்சம் போதாமல்தான் இருந்தது. ஆனாலும் ஷட்டர் வேகத்தைக் குறைத்து, கேமராவைக் கார் கதவில் சாய்த்துவைத்து எடுத்திருக்கலாம். தங்கச்சி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"அண்ணா, படம் வந்துச்சா?"

பாய் டிக்கியை மூடிக்கொண்டிருந்தார். என் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றேன். "வந்து பாரு."

அவள் தலையை ஆட்டினாள். பையைக் கையால் தொட்டுக்கொண்டு நின்றேன். கார் போய்விட்டது.

வீட்டுக்குள் போன மனைவி, குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்த ஃபிலிமை அப்போதுதான் கையில் எடுத்தாள். குழல்விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இதுல ஆளே இல்லியே" என்றாள். நேற்றே தெரியுமா என்று கேட்டாள். தலையை ஆட்டினேன்.

"ஒரு சுவர் தள்ளிதானே இருந்தாங்க" என்றாள். ஃபிலிமை மறுபடி கிளிப்பில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஃபோன் அடித்தால் யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். அறுவைக்கு முந்தைய மாலை பாய் பேசினார். அவள் பயப்படவில்லை என்றும், படம் இருக்கிறதல்லவா, போதும் என்று தனக்கே தைரியம் சொல்கிறாள் என்றும் சொன்னார். பிரிண்ட் போட்டு வையுங்கள் சார், வந்ததும் கேட்பாள் என்றார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது குற்றம் என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். அது நியாயமாகவே இருந்தது என்பதுதான் என்னை இன்றுவரை அரிக்கிறது. முதல் பொய்யைச் சொல்லிவிட்டால் இரண்டாவதற்கு நல்ல காரணம் தானே வந்து சேர்ந்துவிடுகிறது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்து சில நாட்கள் அவள் யாரையும் பார்க்கவில்லை. பிறகு என் மனைவியை மட்டும் கூப்பிட்டாள். என் மனைவி போய்விட்டு வந்து, "நீங்க போய்ச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஃபிலிமை ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தங்கச்சி அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை வாய்வரை சுற்றியிருந்தாள். இடது பக்கம் உள்வாங்கியிருப்பது அதையும் மீறித் தெரிந்தது. பாய் எனக்கு நாற்காலி போட்டார். நான் நின்றுகொண்டே சொன்னேன். எந்த எண், எப்போது வைத்தது, எப்போது கண்டுபிடித்தேன், கேட்வரை வந்து திரும்பியது எல்லாவற்றையும். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஒரே குரலில் சொல்லி முடித்தேன். வேறு எந்தக் குரலும் வரவில்லை.

பாய் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

தங்கச்சி கையை நீட்டினாள். உறையைக் கொடுத்தேன். ஃபிலிமை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். பேச்சு மெதுவாக, பாதிப் பாதி வார்த்தையாகத்தான் வந்தது.

"கார்ல ஏறும்போது, அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா."

"நல்லா வந்திருக்குன்னீங்களே."

"சொன்னேன்."

அவள் ஃபிலிமைத் திரும்ப உறைக்குள் போட்டாள். உறையை என்னிடம் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தத் தெம்புலதான் ஆபரேஷனுக்கு உள்ள போனேன்" என்றாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. வலிக்கிறது என்று காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்பத் திரும்பியபோது கேட்டாள்: "அந்தப் பழைய கேமரா இருக்குதாண்ணா?"

இருக்கிறது என்றேன்.

"இப்ப கொண்டாராதீங்க. இந்த மூஞ்சிய எனக்கே இன்னும் பழகல. நான் சொல்றப்ப வாங்க."

பாய் இப்போது பேசுகிறார். தண்ணீர் வந்ததா, கரண்ட் வந்ததா என்ற அளவில். கடை மூடியதும் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவது நின்றுவிட்டது. சுவர்மேல் பாத்திரங்கள் போய்வருகின்றன. அது இரண்டு பெண்களின் கணக்கு.

பழைய கேமராவை வாசல் அலமாரியில் வைத்திருக்கிறேன். புது ஃபிலிம் போட்டிருக்கிறேன். தூரம், அந்த ஜன்னலுக்கும் அவள் எதிரே நான் நிற்கும் இடத்துக்கும் உள்ள ஆறடி. ஷட்டர் அறுபது. துளையை மட்டும் தினமும் மத்தியானம் அவர்கள் ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து மாற்றி வைக்கிறேன். அவள் கூப்பிடுவாளா என்று தெரியாது. கூப்பிட்டால் தூரத்தைச் சரியாகப் பிடிப்பேனா என்பதும் தெரியாது. வீட்டுத் தூணைப் பார்த்துத் தூரம் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்று மலையை மேகம் மூடியிருக்கிறது. துளையை ஒரு கட்டம் பெரிதாக்கி வைத்திருக்கிறேன்.